தேய்ந்த ஷாஃப்ட்டின் தாலாட்டு

அண்ணனுடைய பழைய லாரியில் ஸ்டீரிங் ஷாஃப்ட் தேய்ந்து கிடந்தது. ஸ்டீரிங்கைக் கால் வட்டம் திருப்பினால்தான் சக்கரம் காதுகொடுக்கும். நேர்ச்சாலையிலும் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். என் பட்டறையிலேயே புது ஷாஃப்ட் மாட்டினேன்.

ஓட்டிப் பார்க்கப் போனோம். பழக்கதோஷத்தில் ஆட்டினார், லாரி பாம்பாக நெளிந்தது.

"வண்டியக் கெடுத்துட்டியேடா!"

"கையச் சும்மா வைண்ணே!" என்று எரிந்து விழுந்தேன்.

வைத்தார். லாரி மேகம்போல மிதந்தது. அண்ணன் கனவில் ஓட்டுபவர்போல உட்கார்ந்திருந்தார்.

சில நாள் கழித்து அண்ணி பட்டறைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உங்கண்ணன் தூக்கத்துலயும் என் தோளப் பிடிச்சு ஸ்டீரிங் மாதிரி ஆட்டிக்கிட்டே இருப்பாரு. இப்ப அசையாமப் படுத்திருக்காரு. எனக்குத் தூக்கமே வரல, தம்பி. அந்தப் பழைய ஷாஃப்ட் இருக்கா?"