முன்பக்கம் கேமரா வைத்த போன்

பழங்காநத்தம் செல்போன் கடையில் ஒரு தம்பி புது மாடலை என் கையில் கொடுத்தான். "பின்னாடி மூணு கேமராக்கா," என்றான். அதே மாடல் வரிசையின் முதல் போன் நான் ஐந்தாவது படிக்கும்போது திருவாதவூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். தினமும் சாயங்காலம் அவர் போனில் சொல்வதை அம்மாவுக்கு ஜாடையில் காட்டுவேன்; அம்மாவின் ஜாடையை அவருக்குச் சொல்வேன். அவர்கள் சண்டைகூட என் வழியாகத்தான் நடந்தது. அந்த போனில் முன்பக்கம் கேமரா இல்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே தந்துவிட்டாள்.

நான் எட்டாவது படிக்கும்போது அந்த வரிசையில் முன்பக்கக் கேமராவோடு ஒரு போன் வந்தது. அப்பா தனக்கொன்றும் அம்மாவுக்கொன்றும் வாங்கினார். முதல் வீடியோ அழைப்பில் அவர் முகம் தெரிந்ததும் அம்மா அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டாள். வழக்கம்போல் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ போயி வெளயாடு தாயி," என்றார் அப்பா. "இனிமே நாங்களே பேசிக்கிறோம்."

அம்மா போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்தாள். திரையில் அப்பாவின் கைகளும் அசைந்தன. நான் தெருவுக்கு ஓடினேன். தெருவிளக்கு எரியும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.