சிங்கப்பூரில் பத்திரமாக இருந்த இருநூறு வெள்ளி

இது நடந்தது மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருடம். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, டவுனில் ஒரு கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். டைப் அடிப்பேன், இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன், எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும், புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. புதிதாக எடுத்த டிரைவிங் லைசென்ஸ் வேறு சட்டைப் பையில் இருந்தது. கார் மட்டும்தான் இல்லை.

எங்கள் வரிசைப் பெண்கள் கூட்டு போடுவார்கள். இருபது பேர், மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி. சம்பளம் வந்ததும் வசூலித்து, சீட்டுக் குலுக்கி, யார் பெயர் விழுகிறதோ அவர் கையில் இருநூறு வெள்ளியையும் மொத்தமாகக் கொடுப்பது. முன்பு அதை நடத்திய வேறொரு வீட்டு அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் ஏதோ தகராறு வந்து, "படிச்ச புள்ள இருக்கறப்போ நமக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்று நோட்டையும் வசூலையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டுக்கு அட்டை போட்டேன், சிவப்பு மையில் கோடு போட்டேன், விதிமுறை என்று நாலு வரி எழுதி முதல் பக்கத்தில் ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாரும் கூடியிருக்கும்போதுதான் பணம் கைமாற வேண்டும் என்பது அதில் ஒன்று.

அந்த மாதம் சீட்டுக் குலுக்கவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த அக்கா ஒருவர், "இந்தத் தடவை எனக்கு விட்டுக்கொடுங்க" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தார். விடியற்காலையில் இடியாப்பம் பிழிந்து, கூடையைத் தலையில் சுமந்து, பண்டார் ஹிலிர் வரை நடந்தே விற்பவர் அவர். கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் வீங்கிப்போய், சாயங்காலம் ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். தெருமுனையில் இருந்த சீனர் கோப்பிக்கடையின் முன்பக்கத்தில் ஒரு மேசை போடுகிற இடம் காலியாகியிருந்தது. கடை முதலாளியான தவுக்கே, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் இருநூறு வெள்ளி முன்பணம் கொண்டுவந்தால் இடம் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். பத்து மணிக்கு மேல் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு.

வெள்ளிக்கிழமை மாலை வசூல் முடிந்ததும் அந்த அக்கா என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, எல்லாரும் குடுத்துட்டாங்களாமே. இப்பவே குடுத்துடேன், நாளைக்கே போய்க் கட்டிடுறேன்."

"அக்கா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஞாயித்துக்கிழமை எல்லாரும் பார்க்கக் குடுத்தாத்தான் நாளைக்கு ஒரு பேச்சு வராது."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் எழுதி ஒட்டிய விதிமுறைக்கு அவர் மரியாதை கொடுத்தார். அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாள் சனிக்கிழமை, என் ஆபீஸ் நண்பனுக்குச் சிங்கப்பூரில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அவன், அவனுடைய தாய்மாமன், நான், மூன்று பேர். பணத்தை வீட்டில் வைத்தால் என் அண்ணன் கை வைப்பான் என்ற பயத்தில், கூட்டுப் பண உறையை என் சட்டையின் உள்பையில் போட்டு ஊசி குத்திக்கொண்டேன். விடிவதற்குள் பஸ் ஏறி, மூவாரில் ஒரு ஃபெர்ரி, பத்து பகாட்டில் ஒரு ஃபெர்ரி, ஜொகூர் பாரு தாண்டி மதியம் சிங்கப்பூரில் இறங்கினோம். சிங்கப்பூர் அப்போதும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. மெர்டேக்காவுக்குப் பிறகு எங்களுக்கு அது வேறு நாடு.

பஸ் நிலையத்தில் முகம் கழுவும்போதே மாமா ஆரம்பித்தார்.

"பஸ்ல வந்து இறங்கினோம்னு தெரிஞ்சா பொண்ணைக் கண்ணுலேயே காட்டமாட்டான் அதோட அப்பன். கார்ல போய் நின்னாத்தான் நாற்காலி போடுவான்."

"கார் வாடகைக்குக் கிடைக்கும் மாமா. நானே ஓட்டுறேன்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, என் கால் தானாக நடந்தது. நாமே ஓட்டிக்கொள்ளும்படி வாடகைக்குக் கார் விடும் கம்பெனிகளைப் பற்றி நான் பேப்பர் விளம்பரத்தில் படித்து வைத்திருந்தேன். எத்தனை நாள் கனவு!

கம்பெனி கவுண்டரில் இருந்தவர் தமிழர்தான், நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார். நான் விடாமல் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். ஒரு நாள் வாடகைப் பணத்தை மாமா எடுத்து வைத்தார். அதற்கு மேல் இருநூறு வெள்ளி டெபாசிட் கட்ட வேண்டும் என்றார் அவர். காரை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் அது முழுசாகத் திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னார்.

நண்பனும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் நெஞ்சுக்கு நேராக இருநூறு வெள்ளி இருந்தது. மனம் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துவிட்டது. நாளைக் காலை கார் திரும்பும், பணம் திரும்பும், மாலையில் மலாக்கா, அக்கா கையில் உறை. யாருக்கு என்ன நஷ்டம்? ஊசியை எடுத்தேன்.

அவர் ஒரு காகிதத்தை நீட்டி, "தம்பி, பின்பக்கமும் கொஞ்சம் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. நீங்க வெளியூரு வேற" என்றார்.

"ஐ கேன் ரீட், மிஸ்டர்" என்றேன். முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். பின்பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஒரு கிராணி! தினமும் மற்றவர்களுடைய காகிதங்களை வரி வரியாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கிறவன்.

பெண் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிராங்கூன் ரோட்டில் அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்ணின் அப்பா வெளியே வந்தார், காரைப் பார்த்தார், மாமாவையும் மாப்பிள்ளையையும் கைகூப்பி உள்ளே அழைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "டிரைவர், நீ அந்த நிழல்ல ஓரமா விட்டுக்கோ. காபி வெளியே குடுத்தனுப்புறேன்" என்றார். மாமா வாயைத் திறந்து மறுப்பார் என்று பார்த்தேன். அவர் சால்வையைச் சரி செய்துகொண்டே உள்ளே போய்விட்டார். நான் மட்கார்டில் சாய்ந்து நின்று காபி குடித்தேன்.

பெண்ணின் தம்பி, பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன், காரைச் சுற்றி வந்தான். எண் பலகை முன்னால் நின்றான்.

"அண்ணே, நீங்க மலாக்காவுலேர்ந்துதானே வர்றீங்க?"

"ஆமா."

"அப்ப ஏன் சிங்கப்பூர் நம்பரு?"

நான் பதில் தேடுவதற்குள் அவன் உள்ளே ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் சிரித்தது. கால் மணி நேரத்தில் மாமாவும் நண்பனும் வெளியே வந்து காரில் ஏறினார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அன்றிரவு ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை காரைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, கீறல் ஒன்றும் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். கவுண்டரில் அதே மனிதர். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க தம்பி" என்றார். நான் கையை நீட்டினேன்.

"பணம் இப்ப கிடைக்காது. ஏழு நாள் ஆகும். போலீஸ் சம்மன் ஏதாவது வருதா, உள்ள ஏதாவது பழுதான்னு பார்த்துட்டுத்தான் விடுவாங்க. உங்க விலாசத்துக்குச் செக்கு வந்துடும்."

இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ, தமிழில் கெஞ்ச ஆரம்பித்தேன். அது என் பணமில்லை, ஒரு விதவைப் பெண்ணின் பணம், நாளைக் காலை பத்து மணிக்குள் வேண்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். காகிதத்தை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். பொடி எழுத்துத்தான், ஆனால் தெளிவாக இருந்தது. மூன்றாவது வரியிலேயே அந்த ஏழு நாள் கணக்கு இருந்தது.

"பணம் பெட்டிக்குப் போயிடுச்சு தம்பி. சாவி துரைகிட்ட. ஞாயித்துக்கிழமை அவர் வரமாட்டார். வந்தாலும் குடுக்கமாட்டார். நேத்தே சொன்னேனே, படிங்கன்னு." குரலில் எரிச்சல் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. "பயப்படாதீங்க, பணம் பத்திரமா இருக்கும்."

திரும்பி வரும் வழியில் மாமா தூங்கினார். நண்பன், "முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?" என்றான். சொல்லியிருக்கமாட்டான். நானும் கேட்டிருக்கமாட்டேன். மூவார் ஃபெர்ரியில் நின்றபோது, ஆளுக்கு எவ்வளவு புரட்ட முடியும் என்று எண்ணிப் பார்த்தோம். மலாக்காவில் இறங்கியதும் தெரிந்த கதவையெல்லாம் தட்டினோம். சம்பளம் வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அது கூட்டுக்கும் மளிகைக்கும் வாடகைக்கும் போயிருந்தது. எழுபது வெள்ளி தேறியது.

அதற்குள் ஞாயிறு மாலைக் கூட்டம் காத்திருந்து கலைந்திருந்தது. அக்காவின் வீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை. பஸ் தாமதம், காலையில் கொடுக்கிறேன் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்பினேன். இரண்டாவது பொய். முதல் பொய் எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை அவர் கூடை எடுக்கவில்லை. நல்ல சேலை கட்டி, தலை வாரி, எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் எழுபது வெள்ளியை நீட்டி நடந்ததைச் சொன்னேன். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப பணம் இப்ப எங்க இருக்கு?"

"சிங்கப்பூர்லதான் அக்கா. பத்திரமா இருக்கு. ஒரு காசு குறையாது."

"பத்திரமா இருந்தா எனக்கென்ன தம்பி? பத்து மணிக்கு அது இங்க இருக்கணும்ல."

தவுக்கேயிடம் நானும் கூடப் போனேன். எழுபதை முன்னால் வைத்து, மீதி ஒரு வாரத்தில் வரும், என் சம்பளத்தைப் பொறுப்பு வைக்கிறேன் என்று மலாயில் பேசினேன். அவர் மோசமான மனிதர் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணி வரை வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்றார். அப்படியே செய்தார். பத்தேகாலுக்கு மீ கோரிங் என்கிற வறுத்த மீ விற்கும் ஒரு வியாபாரி வந்து இருநூறையும் எண்ணி வைத்தார். அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். "வராத தம்பி" என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

பத்தாம் நாள் செக் வந்தது. எனக்கு பேங்க் கணக்குக் கிடையாது. ஆபீஸ் மேனேஜரின் காலைப் பிடித்து அவர் கணக்கில் போட்டு, அது சிங்கப்பூர் போய்த் திரும்பி காசாக மாற இன்னும் ஆறு நாள். இருநூறு வெள்ளி, கம்பெனிக்காரர் சொன்ன மாதிரியே, ஒரு காசு குறையவில்லை. பெண்கள் எல்லாரும் கூடியிருக்க அதை அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். எண்ணி முடித்ததும், "சரியா இருக்கு கிராணி" என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதம் கூட்டு வேறொருவர் கைக்குப் போனது, அவர் புது நோட்டு போட்டுக்கொண்டார். என் நோட்டில் சிவப்புக் கோடு போட்ட பக்கங்கள் அப்படியே வெறுமையாக இருந்தன.

அவர் அந்தப் பணத்தில் என்ன செய்தார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வேறு இடம் தேடினார் என்று அம்மா சொன்னார். கிடைத்த இடமெல்லாம் தூரம், அல்லது வாடகை அதிகம்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது யாராவது "திரும்பி வந்துவிடும்" என்று சொன்னால், எந்த நாளில், யார் கையால், ரொக்கமா காகிதமா என்று மூன்றும் கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆபீஸில் என்னை விவரமானவன் என்கிறார்கள். காலை ஏழு மணிக்கு நான் சைக்கிளில் போகும்போது, அந்த அக்கா கூடையைச் சுமந்து, காலை இழுத்து இழுத்து எதிரே வருவார். நான் இறங்கி நின்று வழி விடுவேன், அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார். இந்த விவரம் எனக்குக் கிடைக்க, விலை கொடுத்தது அந்த முழங்கால்கள்தான் என்பது ஒவ்வொரு நாளும் எனக்கு உறைக்கிறது.