முன்கயிறு பிடித்த அண்ணி

எனக்கு நீர்கட்டி வேலை. சேக்காட்டுக்கு மேற்கே எங்கள் ஏரி. ஆவடியில் பட்டாளம் வந்து கொட்டகை போடுவதற்கு முந்தின காலம். ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பது எல்லாம் நீர்கட்டி பாடு. அறுப்பு நாளில் களத்துக்குக் களம் போய் நின்றால் நிலக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டு நெல்லரி, தாளோடு அறுத்த கதிர், தருவார்கள். அதுதான் எங்களுக்குச் சோறு.

நீர்கட்டியான எனக்குத் தண்ணீர் என்றால் பயம். முட்டிக்கு மேல் இறங்க மாட்டேன். நாலு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஊருக்குத் தெரியாது. என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியும்.

மதகு என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஏரிக்குள்ளே, கரையை ஒட்டி, இரண்டு கல்தூண். தூண்களின் மேலே ஒரு பலகைக்கல். அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், தரையில் ஒரு துளை. தொடை நுழையும் அளவு. அதை ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும். கட்டையைக் கிளப்பினால் தண்ணீர் கரைக்கு அடியில் புகுந்து வயலுக்குப் போகும்.

முன்னே என் அண்ணன்தான் நீர்கட்டி. வருஷா வருஷம் முதல் திறப்புக்கு அவன் முழுகிப் போவான். சேற்றை விலக்குவான். கட்டையில் இருக்கும் இரும்பு வளையத்தில் தாம்புக்கயிறு கட்டுவான். கரைமேல் எட்டுப் பேர் கயிறு பிடிப்போம். முன்கயிறு நான். முன்கயிறு பிடிக்கிறவன் ‘இழு’ என்றால்தான் மற்றவர்கள் இழுக்கலாம்.

கட்டி முடிந்ததும் அண்ணன் அடியிலிருந்து கயிற்றைச் சுண்டி இரண்டு வெட்டு வெட்டுவான். அப்போது இழுக்கக் கூடாது. அவன் மேலே வந்து தூணைக் கையால் தட்ட வேண்டும். அதற்கு அப்புறம்தான் இழுக்க வேண்டும். ஏனென்றால் கட்டை கிளம்பின நொடியில் துளை உறிஞ்சும். பக்கத்தில் கால் இருந்தால் கால் போகும்.

அண்ணன் வேகமான ஆள். வெட்டும் தட்டும் ஒன்றாக வந்த மாதிரி இருக்கும். எனக்கு அது பழகிவிட்டது. வெட்டு வந்தாலே தட்டு வந்த மாதிரி. அந்த வருஷம் வெட்டு வந்தது. ‘இழு’ என்றேன். இழுத்தார்கள். தட்டு வரவில்லை.

அண்ணனின் வலது கால் தொடைவரைக்கும் துளைக்குள் போயிருந்தது. அவனை எடுக்கும்போது சாயங்காலம்.

ஏரிக் கன்னிமார் காவு கேட்டுவிட்டார்கள் என்று ஊரில் சொன்னார்கள். அந்த வருஷம் அறுத்த சேவல் நோஞ்சான் என்றார்கள். நானும் தலையாட்டினேன். பின்னால் நின்ற ஏழு பேரும் இழுத்தவர்கள். அதனால் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. நீர்கட்டி வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் யாரும் முழுக வேண்டாம் என்று கட்டைக்கு ஒரு நீளக் கழி பொருத்தினார்கள். பலகைக்கல் மேல் நின்று கழியைத் தூக்கினால் போதும். எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

அண்ணி எங்களோடுதான் இருந்தாள். பிள்ளை இல்லை. அம்மா வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு, அங்கே யார் இருக்கிறார்கள் என்றாள். வேலை செய்தாள். எனக்குக் கஞ்சி ஊற்றினாள். அதிகம் பேச மாட்டாள்.

அண்ணன் போன மறுவருஷம் பூந்தமல்லியிலிருந்து ஒரு உபதேசியார் சைக்கிளில் வர ஆரம்பித்தார். இளவயசுக்காரர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்கோடியில் ஓலைக்கொட்டகையில் ஜெபம். முதலில் அண்ணி போனாள். அப்புறம் என் சம்சாரம். அப்புறம் நான். அங்கே உட்கார்ந்திருந்தால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். அதற்காகவே போனேன்.

ஒருநாள் அவர் ஒரு கதை வாசித்தார். மீன் பிடிக்கிறவன் ஒருவன் படகை விட்டு இறங்கித் தண்ணீர் மேல் நடந்தான். பயம் வந்தது. முழுகப் போனான். ஆண்டவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த ஆளாவது தண்ணீரில் கால் வைத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுக்கு. தலையில் தெளிப்பது கிடையாது. எங்கள் ஏரியிலேயே முழுக்குக் கொடுப்பார்கள். அண்ணியும் என் சம்சாரமும் தயார். என்னை எதிர்பார்த்து நின்றார்கள். உபதேசியார் என்னைக் கேட்டார். அறுப்பு முடியட்டும் ஐயா என்றேன். மூன்று அறுப்பு முடிந்தது.

வேதத்தில் சேர்ந்தால் ஊரார் தரும் நெல்லரி கிடைக்காமல் போய்விடும் என்று நான் தயங்குவதாகத் தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். நிஜத்தைச் சொல்வதை விட அது மேல்.

நாலாவது வருஷம் ஐப்பசியோடு மழை நின்றுவிட்டது. மார்கழியில் சம்பா கதிர் வாங்குகிற நேரம். வயல் வெடித்துவிட்டது. ஏரியில் தண்ணீர் இருந்தது. ஒரு காலை பலகைக்கல் மேல் நின்று கழியைத் தூக்கினேன். கழி கையோடு வந்தது. அடியில் உளுத்து ஒடிந்திருந்தது. கட்டை துளையிலேயே இருந்தது.

கரைமேல் ஊர்ப் பெரியவர் நின்றார். அவருடைய நிலம்தான் அதிகம். நாங்கள் அவரை ஆண்டே என்போம்.

“டேய், இன்னாடா பாத்துகினு நிக்கிற? எறங்கிக் கட்டுடா.”

“நாளைக்குக் காத்தால எறங்கறேன் ஆண்டே.”

“நாளைக்கா? பயிரு உனக்காவக் காத்துகினு கீதா?”

பக்கத்தில் நின்ற ஒருத்தன் சிரித்தான். “இன்னா மாமே, வேதத்துல சேந்துட்டா தண்ணி கடிக்குமா?”

“இன்னும் சேரல,” என்றேன்.

“அதான பாத்தேன். ரெண்டு படகுல கால வெச்சிகினு கீற. எந்தக் கால நனைக்கறதுன்னு தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “நாளைக்குப் பொழுது ஏர்றதுக்குள்ள தொறக்கல, வேற ஆளு பாத்துக்குவேன். அதோட ஒன் கட்டு நெல்லும் போச்சி,” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சம்சாரம் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாய்யா, பேயறைஞ்சாப்ல கீற?”

“கழி ஒடிஞ்சிடுச்சி.”

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “எறங்கணுமா?”

“எறங்கணும்.”

“அண்ணிகிட்ட சொல்லிட்டு எறங்கு.”

“இன்னாத்த?”

“இன்னாத்தையா? நாலு வருசமா தூக்கத்துல ஒளர்றியே, அத்த.”

அண்ணி வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். நானும் இரண்டு விறகு எடுத்து அடுக்கினேன். அப்புறம் சொன்னேன்.

“அண்ணி, அன்னைக்கித் தட்டு வரல. வெட்டுக்கே இழுன்னு சொல்லிட்டேன்.”

அவள் கையை நிறுத்தவில்லை. “தெரியும்,” என்றாள்.

“இன்னாது?”

“நான் கஞ்சிக் கலயத்த எடுத்துகினு கரை மேல வந்துகினு இருந்தேன். உன் கொரல்தான். எனக்குத் தெரியாதா?”

விறகு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். “ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா இன்னா சொல்லுவ?” ஒரு விறகை வைத்தாள். “மொத வருசம் உன் கஞ்சில மண்ண அள்ளிப் போடலாமான்னு இருந்துச்சி. மெய்யாத்தான் சொல்றேன். அப்பால ஜெபத்துக்குப் போனேன். அந்தக் கோவத்த அங்க கொண்டுபோய் எறக்கி வெச்சேன். நாலஞ்சி தபா திரும்பி எடுத்துகினு வந்தேன். மறுபடியும் கொண்டுபோய் வெச்சேன். இப்பல்லாம் எடுக்கறதில்ல.”

அழுகை வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறகு அடுக்கினாள். எனக்கு அது உதவியாக இருந்தது.

அப்புறம், “முன்கயிறு யாரு?” என்று கேட்டாள்.

“தெரியல.”

“நான் புடிக்கிறேன்.”

“பொம்பள கயிறு புடிக்கற வழக்கம் இல்ல அண்ணி.”

“தட்டறதுக்கு முந்தி இழுக்கற வழக்கமும் இல்ல.”

நான் தாம்புக்கயிற்றை எடுத்துவரப் போனேன்.

மறுநாள் விடிந்ததும் போனோம். பெரியவர் ஒரு சேவலோடு வந்திருந்தார். நல்ல கொழுத்த சேவல். “உனக்கு வேணாம்னா வேணாம். மதகுக்கு வேணும்,” என்றார். அது அவர்கள் வழக்கம். நான் தள்ளி நின்றேன். பூசை முடிந்தது. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கயிற்றின் முனையில் நின்றாள்.

“இன்னாடா இது?” என்றார் பெரியவர்.

“அண்ணி புடிச்சாத்தான் நான் எறங்குவேன் ஆண்டே.”

அவர் வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எவனாவது புடிச்சித் தொலைங்கடா,” என்று போய்க் கரைமேல் குந்திக்கொண்டார்.

கயிற்றின் மறுமுனையை இடுப்பில் செருகிக்கொண்டு தூணைப் பிடித்து இறங்கினேன். முட்டி. இடுப்பு. மார்பு. பல் அடித்துக்கொண்டது. மார்கழிக் குளிர் என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பெரிய ஜெபம் தெரியாது. “ஆண்டவரே, பயமா கீது” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு தனியாக இல்லை என்று பட்டது. கரையைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றாள். அந்தக் கைக்கு என் மேல் கோபம் வர எல்லா நியாயமும் உண்டு. அந்தக் கையை நம்பித் தலையை முழுக்கினேன்.

உள்ளே இருட்டு. பாசி முகத்தில் ஒட்டியது. தூணைத் தடவிக்கொண்டே போனேன். சேறு. இரண்டு கையாலும் அள்ளித் தள்ளினேன். மூச்சு போதவில்லை, மேலே வந்து இழுத்துக்கொண்டு திரும்பப் போனேன். மூன்றாவது தடவை வளையம் கையில் பட்டது. துரு. கயிற்றை நுழைத்தேன். முடி போட்டேன். இன்னொரு முடி. என் இரண்டு காலும் கட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அண்ணன் இருந்த இடம் அது.

இரண்டு வெட்டு வெட்டினேன்.

அந்த நொடி என் வாழ்நாளில் நீளமானது. காலை உதைத்து மேலே கிளம்பினேன். கயிறு என் தோளை உரசிக்கொண்டு இருந்தது. தொளதொளவென்று இருந்தது. விறைக்கவில்லை.

தலை வெளியே வந்தது. தூணைத் தட்டினேன்.

கரையைப் பார்த்தால் அண்ணி நிற்கவில்லை. கயிற்றின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். என் சம்சாரம் அப்புறம் சொன்னாள். வெட்டு வந்ததும் பின்னால் நின்றவன் ஒருத்தன், “வந்துடுச்சி, இழுக்கலாமா?” என்று கையை இறுக்கினானாம். “வாய மூடு” என்று சொல்லிவிட்டு அண்ணி கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

நான் இன்னொரு தடவை தட்டினேன்.

“கேட்டுச்சி. கல்லு மேல ஏறு,” என்றாள்.

ஏறினேன்.

“ரெண்டு காலையும் தூக்கி மேல வை.”

வைத்தேன். கரைமேல் எவனோ சிரித்தான். அண்ணி எழுந்தாள். கயிற்றைக் கையில் எடுத்தாள்.

“இழு,” என்றாள்.

கட்டை கிளம்பியது. எனக்கு நேர் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். பெரியவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அண்ணி மட்டும் அங்கேயே நின்று ஏரியைப் பார்த்தாள். நான் கல் மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். சம்சாரம் சேலை கொண்டுவந்து போர்த்தினாள்.

அந்த வருஷம் பயிர் பிழைத்தது. களத்துக்குப் போனபோது எனக்குக் கட்டு நெல்லரி வந்தது. பெரியவர் களத்தில் இரண்டு கட்டு. “ஒண்ணு அந்தப் பொம்பளைக்கு,” என்றார்.

தையில் உபதேசியாரிடம் நானே போய்ச் சொன்னேன். அறுப்பு முடிந்தது ஐயா என்றேன். அதே ஏரியில், மதகைத் தாண்டி ஆழம் குறைந்த இடத்தில், எங்கள் மூன்று பேருக்கும் முழுக்கு. அவருக்கு நீச்சல் தெரியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்னை முழுக்கி எடுக்கும்போது சேற்றில் அவருக்குக் கால் வழுக்கியது. நான்தான் அவரைப் பிடித்து நிறுத்தினேன். அண்ணி சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

கழி பொருத்தட்டுமா என்று மறுவருஷம் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒவ்வொரு வருஷமும் முழுகினேன். ஒவ்வொரு தடவையும் மார்பு வரைக்கும் இறங்கும்போது பயம் வரும். ஆண்டவரே, பயமா கீது என்பேன். இறங்குவேன். முன்கயிறு அண்ணிதான், அவளால் முடிந்த வரைக்கும்.

இப்போது வேறு ஆட்கள். ஆனால் எங்கள் மதகில் முன்கயிறு பிடிக்கிறவன் இன்றைக்கும் வெட்டு வந்ததும் கயிற்றின் மேல் உட்கார்ந்துவிடுவான். தட்டு கேட்ட பிறகுதான் எழுந்திருப்பான். ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள்.