கோலம் இல்லாத மார்கழி

மார்கழி விடியலில் மயிலாப்பூரின் வாசனை என்று எனக்கு நினைவிருப்பது மல்லிகையோ ஊதுபத்தியோ அல்ல. தண்ணீர் தெளித்த மண்ணின் ஈரத்தோடு, தெருமுனையில் இஞ்சினை அணைக்காமல் நின்ற "டூரிஸ்ட் பஸ்"ஸின் டீசல் புகை கலந்த ஒரு நெடி. கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்துக்குள் பஸ் நுழையாது. வெள்ளைக்காரர்களை முனையிலேயே இறக்கி, கைடு கஜபதி எங்கள் சந்து வழியாகத்தான் கோயிலுக்கு நடத்திச் செல்வார். காரணம், எங்கள் வாசலில் அம்மா போடும் கோலம். அவர்கள் என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். கேமராவைத் தூக்கினாலே கோலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். ஊக்கு குத்திய அரை டிராயரோடு நான் இன்றும் ஐரோப்பாவில் எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் ஒரு நல்ல கோலத்தைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

கோலத்துக்காக நின்ற கால்கள் அப்படியே எதிரிலிருந்த பாயின் வளையல் கடைப் பக்கம் திரும்பும். பிறகு எங்கள் சுவரோரம் கூடை வைத்திருந்த பூக்காரி தனத்திடமும், முனை டீக்கடையிலும் நிற்கும். மற்ற மாதங்களில் ஈ ஓட்டிய சந்து மார்கழியில்தான் நிமிர்ந்து உட்காரும். "அக்கா கோலம் போட்டாதான் எங்க வூட்ல அடுப்பு எரியும்" என்பாள் தனம். ஒரு வருஷம் பாய் தன் மகள் கல்யாணத்தையே மார்கழி வியாபாரத்தை நம்பித்தான் பொங்கலுக்கு அப்புறம் வைத்திருந்தார்.

அந்த ஆண்டு கார்த்திகையில் அப்பா இறந்துபோனார்.

எங்கள் வீட்டு வழக்கப்படி வருஷம் திரும்பும்வரை வாசலில் கோலம் கிடையாது. அம்மா வாசலுக்கே வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், கேட்டதற்குத் தலையசைப்பதோடு சரி, பேச்சே இல்லை. சந்தில் இருந்த மற்றவர்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. ஆனாலும் எங்கள் வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு பெரிய கோலம் போட யாருக்கும் கை வரவில்லை; பெயருக்கு நாலு இழை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வந்த வெள்ளைக்காரர்களும் நிற்காமல் நடந்தார்கள். வளையல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே மினுங்கிக்கொண்டிருந்தன.

கஜபதி சில நாள் பொறுத்துப் பார்த்தார். ஒரு காலையில் தனத்திடம் வந்து நின்றார்.

"வெறுந்தரையக் காட்டவாம்மா இம்மாந்தூரம் இட்டாரேன்? நாளைக்கும் இப்டின்னா, நான் மாடவீதி வழியா இட்டுனு பூடுவேன்."

"எப்டிண்ணா போடறது? அக்கா ஜன்னலாண்டயே குந்திகினு கீது. அது கண்ணு முன்னாடி நாங்க கலர் தூவறதா?"

"அப்போ பாய் வூட்டுக் கல்யாணம்?"

தனம் கூடைப் பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள். அவர்களுக்குப் பின்னாலேயே எங்கள் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

மறுநாள் விடியுமுன் தனம் வளையல் கடை வாசலில் கோலமாவோடு குந்தியிருந்தாள். பூத் தொடுக்கும் விரல்களுக்குப் புள்ளி அடங்கவில்லை. பாய் கடையைத் திறந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா தனம், கரண்டு கம்பி அறுந்து வுழுந்தாமாரி கீது?"

"நீ ஒரு தபா குந்திப் பாரு பாய். முதுகு சொல்லும்."

அழித்தாள், மறுபடி வைத்தாள், மறுபடி கோணியது. அப்போது ஜன்னலிலிருந்து, துருப்பிடித்த தாழ்ப்பாளை நகர்த்துவதுபோல் ஒரு குரல் கேட்டது. அம்மாவின் குரல்தான் என்று தெரிய எனக்கே சற்று நேரம் பிடித்தது.

"நேர்ப்புள்ளி வேணாம் தனம். ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு புள்ளி வை."

தனம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் நின்றுவிடும் என்று பயந்தாளோ என்னவோ, தரையைப் பார்த்தபடியே, "சொல்லுக்கா" என்றாள். அம்மா சொல்லச் சொல்ல, எதிர்வாசலில் கோலம் வரிவரியாக விரிந்தது. ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. அதையும் அம்மா விடவில்லை; "உன் கூடையை அந்தப் பக்கமா வெச்சிடு" என்றாள். தனம் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. எல்லோரும் நின்றார்கள். இதை யார் போட்டது என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள் கேட்க, தனம் பெருமை தாங்காமல் எங்கள் ஜன்னலைக் கைகாட்டிவிட்டாள். அந்த அம்மாள் கேமராவை உயர்த்தினாள். கம்பிக்குப் பின்னால் பொட்டில்லாத நெற்றியோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். பாய் கையிலிருந்த வளையல் சரத்தோடு அப்படியே வந்து ஜன்னலை மறைத்து நின்றார். சற்று முன்புவரை அந்த அம்மாள் அந்தச் சரத்தைத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நோ போட்டோ மேடம். அது வூடு" என்றார் பாய்.

கல்யாணம் பொங்கலுக்கு அப்புறம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பிரியாணியில் பெரும்பங்கு என் கணக்கில்தான் சேரும்.

போன மார்கழியில் அந்தப் பக்கம் போயிருந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. வாசலில் ஸ்டிக்கர் கோலம். வளையல் கடை இருந்த இடத்தில் காபிக் கடை. காதில் கருவி மாட்டிய ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு பெண் கண்ணை மூடி, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து கைபேசிகள் சேர்ந்தாற்போல் அவளை நோக்கி உயர்ந்தன. பாயைப் போல் "நோ போட்டோ" சொல்ல நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓரடி முன்னால் நகர்ந்தேன். என்னைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார்கள்.