தலைக்கு வைக்க வேண்டிய எண்ணெய்

எங்கள் சித்தப்பாவின் பஸ் ஒரு கார்த்திகை மாதத்தில் படுத்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் தோவாளையில் பஸ் வைத்திருப்பது யானை வைத்திருப்பது மாதிரி. நடக்கும்போது ஊரே கும்பிடும்; படுத்துவிட்டால் ஊரே வந்து யோசனை சொல்லும். ஆரல்வாய்மொழியில் கிளம்பி, தோவாளையில் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போகிற பஸ் அது. எஞ்சின் சூடேறி உள்ளே இறுகிவிட்டது. கோட்டாற்று மேஸ்திரி அதை ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இனி தேறாது என்று கையை விரித்தார்.

சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்குள் பஸ் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் பூக்காரர்கள் கூடைகளை மார்த்தாண்டத்துக்காரர் ஒருவருடைய பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஒரு திருவிழாவுக்கு மாறிப் போன கூடை மறுபடி நம் வண்டிக்கு வராது என்று சித்தப்பா பயந்தார். அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காத சித்தப்பாவை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

அதே ரக எஞ்சின் ஒன்று, கவிழ்ந்துபோன லாரியிலிருந்து கழற்றியது, மலையடிவாரத் தோட்டமொன்றில் இரண்டு மழைக்காலமாகச் சும்மா கிடப்பதாகத் தகவல் வந்தது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில், பழைய எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். அம்மை அதற்குத் திருநீறு பூசினாள். சித்தப்பாவுக்கு அன்றைக்கே அதைப் பஸ்ஸில் மாட்டிவிட வேண்டும்.

மேஸ்திரி அசையவில்லை. “தாலி கெட்டுன பொறவு பெண்ணுக்குப் பல்லை எண்ணப்பிடாது மொதலாளி. வெளிய கெடக்கும்போ எல்லாத்தையும் பாத்துரணும். ஏத்துன பொறவு கையி எட்டாது.”

அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழுவ வேண்டும், வால்வுகளைத் தேய்க்க வேண்டும், தண்ணீர் ஓடும் வழியில் துருவைத் தட்ட வேண்டும், இடையில் வைக்கும் பாக்கிங் அட்டைகளை எல்லாம் புதிதாக வெட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பிஸ்டன்களையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அது மட்டும் திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவழியாகப் பேசி முடித்தார்கள்.

ஆனால் துருப்பிடித்து ஒட்டிக் கிடந்த பிஸ்டன்கள் முதலில் இளக வேண்டுமே. பிளக்குகளைக் கழற்றிய நான்கு துளைகளிலும் தினமும் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடச் சொல்லிவிட்டு மேஸ்திரி குளச்சலில் வேறு வேலைக்குப் போனார். சித்தப்பா அந்தப் பொறுப்பை ஒன்பது வயதுப் பெண்ணான என்னிடம் கொடுத்தார். தன் பையன்கள் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.

முதல் நாளே எண்ணெய் டின்னைப் பழைய எஞ்சின் மேல் வைத்தேன். டின் உருண்டது. மண்தரை எண்ணெய் முழுதையும் குடித்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து வரவழைத்த எண்ணெய் அது. ஈரத்தின் மேல் சாம்பலைத் தூவிவிட்டு, அழக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை உதித்தது. எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெயால் தீராத காரியம் ஏது? குழம்புக்கும் அதுதான், உளுக்கிய காலுக்கும் அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான். எஞ்சினுக்கு மட்டும் ஆகாமல் போகுமா? அம்மை காலையில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தலைக்கு வைக்க என் உள்ளங்கையில் ஊற்றுவாள். அதை அப்படியே ஏந்திக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவேன். போதாதென்று அடுக்களையிலிருந்து இரண்டு முறை தேங்காய்ச் சிரட்டை நிறையத் திருடினேன். ஒரு வாரத்தில் என் தலை வைக்கோற்போராகிவிட்டது.

மேஸ்திரி நல்ல மார்கழிக் குளிரில், விடிந்ததும் விடியாததுமாக வந்தார். துளைக்குள் கம்பியை விட்டு எடுத்தார். கம்பி நுனியில் வெள்ளையாக உறைந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தார், முகர்ந்தார், வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

“ஏட்டி மக்கா, தலையிலே எண்ணெ வச்சு எத்தற நாளாச்சு?”

தடுமன் பிடித்திருக்கிறது என்றேன். “செரியாயிரும்” என்றார்.

சித்தப்பா வந்ததும், பிஸ்டன் வரைக்கும் பிரித்துத்தான் ஆக வேண்டும், இரண்டு நாள் வேண்டும் என்றார் மேஸ்திரி. சித்தப்பாவுக்கு வந்த கோபத்தில் தெருவே கூடிவிட்டது. “ஓய், அன்னைக்கி வேண்டாம்னு ஒத்துக்கிட்டீரு! கொடியேத்தத்துக்கு மூணு நாளுதான் கெடக்கு, இப்பம் வந்து பிரிக்கணும்னா?”

“அன்னைக்கி நான் செரியாப் பாக்கல்ல மொதலாளி. எம் மேலதான் தப்பு.”

கோட்டாற்றில் வேறு மேஸ்திரியே இல்லையா என்பதில் தொடங்கி சித்தப்பா ஒரு நாழிகை வைதார். வேலை தெரியாதவன் என்று, கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். மேஸ்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். எனக்கு மேஸ்திரி மேல் இரக்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லும் அளவுக்கு இரக்கம் இல்லை.

இரண்டு நாளும் ஒவ்வொன்றாகக் கழற்றி, உறைந்து ஒட்டியிருந்த தேங்காய் எண்ணெய் போக மண்ணெண்ணெயில் கழுவினார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு மட்டும் கோட்டாற்றுக்குப் போய்விட்டு ஓடி வந்தார். வந்தவர், பக்கத்தில் பிரிந்து கிடந்த எங்கள் பழைய எஞ்சினுக்குள் கையை விட்டு, உடைந்த பிஸ்டன் வளையம் ஒன்றை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரும்புச் சாமானைப் பொறுக்கி எடுத்து வைக்கிறார் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அந்த வளையத்தைச் சித்தப்பாவிடம் நீட்டினார். “புது எஞ்சினுக்குள்ள இது ஒடஞ்சு கெடந்தது மொதலாளி. தெறக்காம ஏத்தியிருந்தா சிலிண்டரைக் கீறிப் போட்டிருக்கும்.”

சித்தப்பா வளையத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரவுக்குள், பிரித்துப் பார்க்கச் சொன்னதே தாம்தான் என்று தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டார்.

கொடியேற்றத்தன்று காலையில் பஸ் கைப்பிடியின் முதல் சுழற்றலிலேயே உறுமியது. பிச்சியும் அரளியும் கூடைகூடையாக ஏறின. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் எண்ணெயால்தானே எஞ்சினைத் திறந்தார்கள், திறந்ததால்தானே உடைந்த வளையம் அகப்பட்டது, ஆக பஸ்ஸைக் காப்பாற்றியவள் நான்தான். அந்த வளையம் எந்த எஞ்சினுடையது என்றோ, தெருவே கேட்க அந்த மனிதர் வாங்கிய வசவு யாருக்கு வர வேண்டியது என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. அது தோன்ற இருபது வருஷமாயிற்று. அதற்குள் மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் நேரே அவரிடம் போனேன். கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இனிமே எஞ்சினு வந்தா மொதல்லயே நல்லாப் பாருங்கோ. எல்லார் முன்னாலயும் இப்படி ஏச்சு வாங்காண்டாம்” என்றேன்.

மேஸ்திரி துடைப்பதை நிறுத்தினார். கொஞ்சமும் சிரிக்கவில்லை.

“செரி மக்கா, பாத்துக்கிடுதேன்” என்றார்.