அமாவாசை லீவும் ஒரு டாப்வாட்டர் கொடுவாவும்

இன்று காலை, பாலாற்று முகத்துவாரத்தில்...

விடிந்து அரை மணி நேரத்துக்குள் மூன்று மீன்களைக் கோட்டைவிட்டேன். மூன்றுமே என் கை செய்த தப்பு.

புதிதாக வந்தவர்களுக்கு: காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறேன். எங்கள் தறிக்கு அமாவாசையன்றுதான் லீவு. அந்த ஒரு நாள் விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டு தாண்டி, கடலோரம் போய்த் தூண்டில் வீசுவேன். (எங்கள் ஊரில் மணலாகக் கிடக்கும் பாலாறு, அங்கே போனால்தான் தண்ணீரைக் கண்ணில் காட்டும்.)

அமாவாசையில் கடல் நன்றாக ஏறும். ஏற்றத்தோடு மீனும் உள்ளே வரும். ஆனால் அமாவாசையில் எங்கள் வீட்டுக்குள் மீன் வரக்கூடாது. (சிரித்துக்கொள்ளுங்கள், பழகிவிட்டது.)

கிளம்பும்போதே அம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கி படையல்பா. மீனு கீனு எடுத்துக்கினு வந்துடாதே. வந்ததும் நேரா குளிச்சுட்டு உள்ள வா."

பையில் இரண்டே லூர், மீனை ஏமாற்றும் பொய் இரை. ஒன்று பாப்பர், வாய் குழிந்தது. இழுத்தால் 'ப்ளக்' என்று தண்ணீரைத் துப்பும். காற்று அடித்து அலை இருந்தால் அதுதான் சரி, சத்தம் இல்லாவிட்டால் மீனுக்குத் தெரியாது. இன்னொன்று பென்சில், மெலிந்து நீண்டது. தண்ணீர் அசையாமல் இருக்கும்போது அதைப் போட்டு, தூண்டில் ராடின் நுனியைச் சின்னச் சின்னதாகத் தட்டினால் இடதும் வலதுமாகத் தலையை ஆட்டிக்கொண்டு வரும். அடிபட்ட மடவை மீன் மாதிரியே இருக்கும்.

இந்தத் தலையாட்டலைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. லூரிலிருந்து முள்ளைக் கழற்றிவிட்டு, சாயங்காலங்களில் ஏனாத்தூர் ஏரியில் பழகினேன். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாபா, முள்ளே இல்லாம தூண்டி போட்டுகினு கீற?"

"பழகிக்கினு இருக்கேண்ணா."

"மீனா, நீயா?"

(இன்னொரு வீச்சு வீசினேன்.)

இன்று காற்றே இல்லை. பென்சிலைக் கட்டினேன். வெள்ளை நிறம், லேசான வெளிச்சத்தில் எனக்கும் தெரியும். ஐந்தாவது வீச்சில் லூருக்குப் பின்னால் தண்ணீர் வீங்கியது. 'டொப்' என்று ஒரு அடி. நான் வெடுக்கென்று இழுத்தேன். லூர் மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

டாப்வாட்டரில், அதாவது லூரைத் தண்ணீருக்கு மேலேயே ஓட்டிப் பிடிப்பதில், எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான். தண்ணீர் தெறிப்பதைப் பார்த்து இழுக்காதே, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகு இழு.

எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியாது. நான் நெய்வது கோர்வைப் புடவை, கரையைத் தனி நூலில் கோர்ப்பதால் ஒரு தறிக்கு இரண்டு ஆள். மறுகோடியில் உட்காருபவர் ஊடைநூல் வைத்த நாடாவைத் தள்ளுவார், கண்ணில் பட்டதும் கை வாங்கிவிட வேண்டும். இருபது வருடமாகக் கண்ணும் கையும் அப்படியே ஒட்டிப்போய்விட்டன.

அதற்குத்தான் தேவா இருந்தான்.

தேவா எதிர்வீடு. முன்பு அவனும் தறிதான், அவனுக்கும் அமாவாசை லீவு. முகத்துவாரத்தில் என் பின்னாலேயே நிற்பான். தண்ணீர் தெறித்ததும் என் காதருகே சொல்வான்.

"இரு. இரு மச்சி. கனம் வரட்டும். ம், இப்போ."

அவன் சொல்லித்தான் நான் மீன் பிடித்திருக்கிறேன். அவன் இல்லாமல் டாப்வாட்டரில் ஒன்றுகூடப் பிடித்ததில்லை.

இப்போது அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவனுக்கு ஞாயிறு லீவு. நடுவில் ஒரு அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு அவனுக்கு ஓவர்டைம். (நீயும் ஒரு ஞாயிறு லீவு போடேன் என்று கமெண்டில் கேட்பீர்கள். நான் எழுந்து போனால் மறுகோடியில் இருப்பவருக்கும் அன்று வேலை இல்லை.)

எனவே, தனியாக ஒன்றாவது பிடித்துவிட வேண்டும் என்று மாதாமாதம் போகிறேன். மாதாமாதம் வெறுங்கை.

இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போன பிறகு, ராடைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தேன். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தது.

கடைசியாக ஒரு வீச்சு. தட்டி, தட்டி, நிறுத்தினேன். டொப்.

"இரு," என்றேன். வாய்விட்டு. அவன் குரலிலேயே.

"இரு மச்சி. கனம் வரட்டும்."

கை நின்றது. தூண்டில் நரம்பு இழுபட்டது. ராடு வளைந்தது. ரீல் கத்த ஆரம்பித்தது.

கொடுவா. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருந்தது, அதற்கு மேலேயே இருக்கும். கரைக்கு வந்தும் வாயைப் பிளந்து தலையை உதறியது. தாடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, "பாத்தியாடா," என்று பின்னால் திரும்பினேன்.

பின்னால் பைக் நின்றிருந்தது.

ஒரு போட்டோ எடுத்தேன். ஒரு கையில் மீன், ஒரு கையில் போன். அதில் மீனும் என் செருப்பும்தான் தெரிகின்றன. பிறகு தண்ணீரில் இறக்கி, மூச்சு வரும்வரை பிடித்திருந்து, விட்டுவிட்டேன். அமாவாசை.

போட்டோவை தேவாவுக்கு அனுப்பினேன். ஒரு டிக். கம்பெனிக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். லூரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். (உப்போடு விட்டால் முள் துருப்பிடித்துவிடும், மறக்காதீர்கள்.) படையல் சாப்பாடு சாப்பிட்டேன். அம்மா ஒரு வார்த்தை கேட்டாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. உட்டுட்டேன்."

"நல்லதுபா," என்று ரசம் ஊற்றினாள்.

சாயங்காலம் தேவாவிடமிருந்து பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். அவன் மேல் கோபமில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அனுப்பியிருப்பான்.

ஆனாலும் கேட்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அமாவாசையில் லீவு உண்டா?

தூண்டில் போடத் தெரிய வேண்டாம். பின்னால் நின்று "இரு" என்று சொன்னால் போதும்.