காலருக்குள் சிவப்பு நூல்

காஜா போட்டு, பட்டன் வைத்து, நூல் பிசிறெல்லாம் வெட்டிய பிறகும் வெங்கடேஸ்வரி அக்கா சட்டையை மடித்து வைப்பதில்லை. உட்புறம் வெளியே வரும்படி திருப்பி மடியில் போட்டுக்கொள்கிறார். சிவப்பு நூலின் நுனியை நாக்கில் நனைத்து ஊசியில் கோர்க்கிறார். காலருக்கு ஒரு விரல் கீழே, முதுகுப் பக்கம், பத்து எண்களைக் கையாலேயே தைக்கிறார். அது அவருடைய செல்போன் நம்பர். கடைசி எண்ணுக்கு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தால்தான் சட்டை முடிந்ததாகக் கணக்கு.

எல்லாச் சட்டைக்கும் இது கிடையாது. வயதானவர்கள் சட்டைக்கு மட்டும்தான். பட்டமளிப்பு விழாவுக்கு நான் போட்டுக்கொண்டு போன சட்டை அவர் தைத்தது. அவர் தெருவிலேயே இருக்கும் எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்பதால் கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சட்டையை நான் ஆசையோடு திருப்பிப் பார்த்தேன். நம்பர் இல்லை. "ஒனக்கு என்னத்துக்குலே? நீ தொலஞ்சா போன்ல மேப்பு வழி சொல்லும்" என்றார்.

செட்டியார்பட்டியில் வீட்டுக்கு வீடு மிஷின் ஓடும். பெரும்பாலும் நைட்டி தைப்பார்கள். அக்காவும் பகலில் நைட்டிதான் தைக்கிறார். வெட்டிய துணி கட்டுக்கட்டாக வரும்; தைத்த நைட்டி மூட்டையாகப் போகும். பூவும் கொடியுமாகத் துணி மலைபோல் கிடக்கும் நடுவில் அவர் தலை மட்டும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் சட்டைகள். ரெடிமேட் பிடிக்காத பெரிசுகள் மம்சாபுரத்திலிருந்துகூடத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். வந்து வாங்கிப் போகும்போது சண்டையும் போடுவார்கள்.

"தாயி, முதுகுல எறும்பு ஊருத மாதிரி இருக்கு. அத எடுத்துவிடேன்" என்பார் ஒருவர்.

"ரெண்டு துவைப்புக்குப் பொறவு ஊராது, போங்க."

"எம் பொஞ்சாதி கேக்கா, இது எவ நம்பருன்னு!"

"என்கிட்டப் பேசச் சொல்லுங்க. ஒங்கள வேணும்னா அவளே வச்சுக்கிடட்டும்னு சொல்லுதேன்."

அவரவர் வீட்டு நம்பரைத் தைக்கலாமே என்று நானும் கேட்டிருக்கிறேன். முதலில் அப்படித்தான் செய்தாராம். பாதிப் பேருக்கு வீட்டு நம்பர் தெரியவில்லை. தெரிந்தவர்களின் பிள்ளைகள் சட்டை கிழிவதற்குள் சிம் மாற்றிவிட்டார்கள். "என் நம்பர் மாறாது. அம்புட்டுத்தான்" என்று முடித்துக்கொண்டார்.

டேப்பு எப்போதும் கழுத்தில் கிடக்கும். ரேஷன் கடைக்கும் அப்படியேதான் போவார், கல்யாண வீட்டுப் பந்திக்கும் ஒருமுறை அப்படியே போய் உட்கார்ந்திருக்கிறார். ஆட்களை முகத்தை வைத்து நினைவு வைத்துக்கொள்வதில்லை. "எடது தோள் எறங்கி நடப்பாரே, அவரு", "வயித்துக்கு மேல வேட்டி கட்டுவாரே, அவிய" என்பதுதான் அவர் சொல்லும் அடையாளம். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் பக்கம் உட்காருவார். ஊர் பார்ப்பதற்கு இல்லை. நிறுத்தங்களில் நிற்கிற கிழவர்களின் முதுகுகளைப் பார்ப்பதற்கு.

அவர் தேடுகிற முதுகு தன் அப்பாவுடையது.

சுந்தரபாண்டியன் ராஜபாளையத்து மில்லில் நூற்புப் பகுதியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வெள்ளத்தாய் காலமான பிறகு, அக்கா இருக்கும் அதே தெருவில் மகன் பாண்டிதுரை வீட்டில் இருந்தார். காலையில் மகன் வீட்டில் இட்லி. பதினோரு மணிக்கு மகள் வீட்டில் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி. மில்லில் ஆயிரம் நூற்புக் கதிர்களை ஓட்டியவர், மகளின் ஒற்றை மிஷினுக்கும் மேஸ்திரி வேலை பார்ப்பார். "நூல் இழுக்குது பாரு, எண்ணெய் விடு" என்பார். மகள் தைத்த சட்டை தவிர வேறு போட மாட்டார். "கடைச் சட்டை என்னையப் போட்டுக்கிடுது. ஒஞ் சட்டையத்தான் நான் போட்டுக்கிடுதேன்" என்று அவர் சொன்னதைத் தெருவே சொல்லிக் காட்டும்.

அக்கா அவரைப் பற்றிப் பேசினால் எங்கே தொடங்கினாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போய்விடுவார். சிறு வயதில் வருடா வருடம் அப்பா சைக்கிளில் கூட்டிப்போவாராம். தேர் அசையும்போது கூட்டம் அலைபோல ஒரு பக்கமாகச் சாயும். தம்பி பாண்டி அப்பாவின் தோளில். அவன் இரண்டு கால்களையும் பிடிக்கவே அப்பாவுக்கு இரண்டு கைகளும் சரியாகிவிடும். மகளைப் பிடிக்கக் கை கிடையாது. "சட்டையப் பிடிச்சுக்கோட்டி. என்ன ஆனாலும் விட்டுறாத" என்பார். "சட்டை நுனிய ரெண்டு சுத்துச் சுத்திப் பிடிச்சுக்கிடுவேன். தேரு பாத்ததே இல்ல தம்பி. அவிய முதுகத்தான் பாத்துருக்கேன். வேர்வையில நனஞ்சு, மில்லுப் பஞ்சு வாசம் அடிக்கும்."

ஐந்து வருடம் ஆகப்போகிறது. ஒரு பங்குனி மாதத்துக் காலையில், கால் உடைந்த மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கொடுத்திருந்ததை வாங்கி வர ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார் சுந்தரபாண்டியன். மதியம் ரசம் போதும் என்று மருமகளிடம் சொன்னார். அங்கே மடவார் வளாகம் நிறுத்தத்தில் இறங்கினார் என்றார் கண்டக்டர். கண்ணாடியை வாங்கி மாட்டி, கடைக் கண்ணாடியில் முகம் பார்த்து, "இப்பம் தெளிவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் என்றார் கடைக்காரர். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

கடன் இல்லை. சண்டை இல்லை. மறதி இல்லை. சதுரகிரி மலையேறிச் சாமியார்களோடு சேர்ந்துவிட்டார் என்று டீக்கடையில் ஒரு கட்சி. காசிக்குப் போய்விட்டார் என்று இன்னொரு கட்சி. அக்கா இரண்டையும் ஒரே கேள்வியில் அடித்துவிடுவார். "வீட்ட விட்டு ஓடுதவன் எவனாச்சும் கண்ணாடிய ரிப்பேர் பண்ணி வாங்கிட்டு ஓடுவானா?"

போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். சாம்பல் நிறச் சட்டை என்றார் அக்கா. காலரில் எந்தத் தையல்கடை லேபிள் என்று கேட்டார்கள். "நான்தான் சார் தச்சேன். லேபிள் கெடையாது" என்றாராம். வீட்டுக்கு வந்து, அப்போது மிஷினில் கிடந்த யாரோ ஒரு பெரியவரின் சட்டையைத் திருப்பிப் போட்டு ஊசியை எடுத்தவர்தான். முதலில் துணியின் நிறத்திலேயே நூல் வைத்தார். கண்ணில் படாத எழுத்தால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றிச் சிவப்புக்கு மாறினார்.

அந்தச் சிவப்பு நம்பரைப் பார்த்து ஒரே ஒரு முறைதான் போன் வந்திருக்கிறது. போன வைகாசியில்.

"அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடையிலருந்து பேசுதேன். ஒங்க அப்பா இங்க மயங்கிக் கெடக்காரு. சட்டைக்குள்ள ஒங்க நம்பர் இருக்கு."

அப்பா போட்டுப் போன சட்டையில் நம்பர் கிடையாது. அதை அக்காவை விட நன்றாக அறிந்தவர் யார்? அந்த நேரத்தில் அது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பாண்டிதுரைக்கும் வரவில்லை. நைட்டி மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி வைத்திருக்கிறார் பாண்டிதுரை. பாதி ஏற்றிய மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நாங்கள்தான் மூட்டைகளைத் தூக்கி ஓரமாக வைத்தோம்.

போகிற வழியெல்லாம் பேசியது பாண்டிதுரைதான் என்கிறார் அக்கா.

"யக்கா, போனதும் அழுதுறாத. எங்க போனேன்னு ஒண்ணும் கேக்கப்படாது."

"நான் கேக்க மாட்டேன். நீ கத்தாம இரு."

"நான் என்னத்துக்குக் கத்தப்போறேன்? மொதல்ல சாப்பாடு வாங்கிக் குடுப்போம். பொறவு அப்பிடியே பேசாம வண்டில ஏத்திருவோம். முன்னாடி நீ நடுவுல உக்காந்துக்கோ. அவிய ஜன்னல் ஓரம் உக்காரட்டும்."

கிருஷ்ணன்கோவில் பக்கம் போகிற பஸ்கள் நிற்குமிடத்துக்கு எதிரே இருந்தது அந்த டீக்கடை. வண்டியை அணைக்காமலே குதித்து ஓடினார் பாண்டிதுரை. பெஞ்சில் சாய்ந்தபடி சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார் மம்சாபுரம் ராஜரத்தினம். அக்காவின் பழைய வாடிக்கையாளர். முதுகில் எறும்பு ஊருகிறது என்று சண்டை பிடித்தவர். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வந்து விழுந்திருக்கிறார்.

"அடடே, நீயே வந்துட்டியா தாயி! ஒன் நம்பர் வேல செய்யுதே!" என்று சிரித்தாராம்.

அக்காவும் சிரித்தார். வேறென்ன செய்வது? தம்பியைத் திரும்பிப் பார்த்தால், அவர் வண்டிக்கு முன்னால் நின்று அதன் முன்பக்கக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். ராஜரத்தினத்தை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து மம்சாபுரத்தில் இறக்கிவிட்டு வந்தார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் பாண்டிதுரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் வந்து பேசினார். அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் மகள் விஜிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"யக்கா, ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குக் காரியம் பண்ணிருவோம். உருவம் செஞ்சு வச்சு முறப்படி பண்ணிரலாமாம். பொறவு கல்யாணத்த நடத்துவோம்."

மிஷின் நின்றது.

"யாரு செத்தான்னு காரியம்?"

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? அம்மாவுக்கு வருசா வருசம் சோறு வைக்கோம். அவிய போய்ச் சேந்துருந்தா, வைக்க ஆளில்லாமப் பசியோட அலையுவாகளே. அத நெனச்சுப் பாத்தியா?"

"இருந்தாருன்னா? உசுரோட இருக்க மனுசனுக்குப் பிண்டம் வைக்கச் சொல்லுதியா?"

"இருந்தா வந்துருப்பாரு. புதுசா மாட்டுன கண்ணாடி. பஸ் போர்டு தெரியாமலா இருக்கும்?" என்றார் பாண்டிதுரை. "என்னால முடியலக்கா. எவனோ போன் பண்ணி ஒங்க அப்பாங்கான். குதிச்சு ஓடுதேன். இன்னொரு தடவ என்னால ஓட முடியாது."

"நீ ஓடாத. நான் ஓடுதேன்."

"நீ ஒத்துக்கலன்னாலும் நான் பண்ணத்தான் செய்வேன்."

"பண்ணு. எனக்குச் சொல்லியனுப்பாத. கல்யாணத்துக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

அதோடு அக்கா தம்பி பேச்சு நின்றது. ஒரே தெருவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இரண்டு வீடுகள். விஜி மட்டும் பிளவுஸ் அளவு கொடுக்க வந்து போனாள். அத்தை வராவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று அவள் அழுததும், அக்கா அவள் கையைத் தூக்கி அளவெடுத்ததும் எனக்குத் தெரியும். அந்த நாட்களிலும் சிவப்பு நூல் வேலை நிற்கவில்லை. தையல் மட்டும் இன்னும் அழுத்தமாக விழுந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம். தைத்த சட்டையை வாங்க நான் காத்திருந்தேன். பாண்டிதுரை உள்ளே வந்தார். உட்காரவில்லை. ராஜபாளையம் ஜவுளிக்கடைப் பையிலிருந்து இரண்டு சட்டை பிட்டுகளை எடுத்து மிஷின் மேல் வைத்தார். இரண்டும் ஒரே சந்தன நிறம்.

அக்கா துணியைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை. "கல்யாணத்துக்கா?"

"ம்."

"ஒனக்கு ரெண்டா?"

பாண்டிதுரை ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "காரியம் பண்ணுதவரப் பாக்கப் போனேன். தவறுன நாள் என்னன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். வீட்ட விட்டுப் போன நாளச் சொல்லுங்க, அத வச்சுக்கிடுவோம்னாரு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னைக்கு அவிய வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, வண்டி டயர்ல காத்துக் கம்மியா இருக்கு, பாத்துக்கோலேன்னாகக்கா. அந்த நாளப் போயி எப்பிடிச் சொல்ல? வாய் வரல. எந்திரிச்சு வந்துட்டேன்."

அக்கா இரண்டு பிட்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விஜி கல்யாணத்துக்கு அவிய வந்து நின்னா, போட ஒண்ணு வேணும்லா" என்றார் பாண்டிதுரை. வாசற்படி வரை போய்த் திரும்பினார். "எனக்குக் கொஞ்சம் லூசா தையி. போன சட்டை பிடிக்குது."

"திங்குதத கொற. சட்டை லூசாகும்" என்றார் அக்கா.

பாண்டிதுரை போன பிறகு, நைட்டிக் கட்டுகளை ஒதுக்கிப் பலகையில் இடம் செய்தார். இரண்டாவது பிட்டை விரித்துக் கையால் நீவினார். டேப்பு கழுத்திலேயே கிடந்தது. சாக்பீஸை எடுத்து, யோசிக்காமல் ஒரே இழுப்பில் அப்பாவின் பழைய மார்பளவுக்குக் கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளங்கையால் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, ஒரு விரல் உள்ளே தள்ளி மெலிந்த ஆளுக்கு இன்னொரு கோடு போட்டார். மறுபடியும் நின்றார். பிறகு, எந்த உடம்புக்கும் பிடித்துத் தைக்கும்படி இரண்டு பக்கமும் துணியைத் தாராளமாக விட்டு, கோட்டுக்கு வெகு வெளியே கத்தரியை ஓட்டினார்.